இருபுறமும் இடிபட்ட மண்

புதுவையிலிருந்து பாகூர் வழியே கடலூர் நோக்கிச் செல்லும் வழிப்போக்கர் ஒரு புதுமையைக் காண்பார். ஒரு வயல் புதுவை ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அடுத்த வயல் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. சிறிது தொலைவு நடந்தால் மீண்டும் புதுவை, மீண்டும் தமிழ்நாடு. வில்லியனூர்ப் பக்கம் மேற்கே சென்றாலும் இதே நிலைதான். எல்லையின் இருபுறமும் ஏர் பிடிப்பவன் தமிழன். இருபுறமும் ஒரே மழையை நோக்கி நிற்கும் நிலம். இருபுறமும் ஒரே நாளில் பொங்கும் தைப் பானை. பெண் கொடுப்பதும் கொள்வதும் எல்லையைக் கேட்டு நடப்பதில்லை. ஆயினும் நடுவே ஓர் ஆட்சியெல்லை கிடக்கிறது.

இவ்வெல்லையை வகுத்தது ஆறா? மலையா? மொழியா? பல்லவனா, சோழனா? இவற்றுள் எதுவும் இல்லை. தம் வாழ்நாளில் பாகூர் ஏரியைக் கண்ணாலும் கண்டிராத இரண்டு ஐரோப்பிய மன்னர்கள், தங்களுக்குள் நிகழ்ந்த போர்களின் வரவுசெலவுக் கணக்கை முடித்துக்கொண்டபோது விழுந்த கோடுகளே இவை. அக்கோட்டின்மேல் வாழ்ந்த உழவனை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமும் ஒருவர்க்கும் எழவில்லை.

உரலுக்கு ஒரு பக்கம் இடி. மத்தளத்திற்கு இரு பக்கமும் இடி என்பது தமிழர் வழக்கு. வில்லியனூரும் பாகூரும் அரைநூற்றாண்டுக்கு மேல் மத்தளமாய்க் கிடந்த ஊர்கள். அவ்வூர்களின் வரலாறு அவ்வூர்களோடு முடிந்துவிட்ட பழங்கதையும் அன்று. இரு வல்லரசுகள் மோதும்போது நடுவே அகப்பட்ட ஒரு சிறு தேயத்திற்கு என்ன நேரும் என்பதற்கு, தமிழ் மண்ணிலேயே எழுதிவைக்கப்பட்ட பாடம் அது.

அழைத்தவர் யார்?

பாகூர் நேற்றுத் தோன்றிய ஊர் அன்று. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் அவ்வூர்க் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அன்றும் ஊரைக் கேட்டா கொடுத்தான் என வினவுவார் உளர். கேட்டிருக்கமாட்டான், ஆயினும் கொடுத்ததன் பயன் அம்மண்ணிலேயே தங்கிற்று. தொள்ளாயிரம் ஆண்டு கழித்து நடந்த கொடையோ வேறு வகையானது.

1749ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் கொல்லப்பட்டான். அவ்வரியணையைச் சந்தா சாகிபு ஒருபுறமும், அன்வருதீன் மகன் முகமது அலி மறுபுறமும் பற்றி இழுத்தனர். சந்தா சாகிபு பிரெஞ்சியரின் துணையை நாடினான். முகமது அலி ஆங்கிலக் கும்பினியின் துணையை நாடினான். பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே செய்த உதவிக்குக் கைம்மாறாகச் சந்தா சாகிபு கொடுத்த நிலங்களில் வில்லியனூரும் பாகூரும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் அடங்கும். துணைக்கு வந்தவனுக்குக் கூலியாக ஊர் போயிற்று. ஊரோடு ஊராரும் போயினர்.

கொடுத்த மூன்றாண்டுக்குள் அந்நிலமே போர்க்களமாயிற்று. 1752ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இலாரன்சு என்னும் ஆங்கிலப் படைத்தலைவன் பாகூரில் பிரெஞ்சுப் படையை முறியடித்தான்; தூப்ளேயின் உறவினனாகிய பிரெஞ்சுப் படைத்தலைவன் சிறைப்பட்டான். ஐரோப்பிய வரலாற்று நூல்கள் இதனை ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சியர்க்கும் நடந்த போர் என்று எழுதும். ஆனால் களத்தில் நின்றவர் யார்? இரு பக்கத்திலும் வெள்ளையர் சில நூற்றுவர்; இரு பக்கத்திலும் ஆயிரத்தை மிஞ்சியோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். ஒருவன் தோளில் இலண்டன் துப்பாக்கி. இன்னொருவன் தோளில் பாரிசுத் துப்பாக்கி. குண்டு பாய்ந்து மிதிபட்டதோ பாகூர் நெல்வயல்.

துணையை அழைத்த இருவரும் என்ன ஆயினர்? தோற்றவன் கதை எளிது. சந்தா சாகிபு 1752ஆம் ஆண்டிலேயே தலை வெட்டப்பட்டு மாண்டான். அவனைக் காக்கப் பிரெஞ்சியரால் இயலவில்லை. வென்றவன் கதைதான் ஊன்றி நோக்கத்தக்கது. முகமது அலி அரியணை ஏறினான். வாலாசா என்று பட்டமும் பூண்டான். ஆனால் வெற்றிக்குச் செலவிட்ட பணமெல்லாம் அவன் பெயரில் கடனாக ஏறிற்று. கடனுக்கு வட்டி, வட்டிக்கு ஊர்கள், ஊர்களுக்கு வரி தண்டும் உரிமை என ஒவ்வொன்றாய்க் கும்பினியின் கைக்குச் சென்றன. பாளையங்களின் கப்பத்தைத் தண்டும் உரிமையும் அவ்வாறே சென்றது. 1799இல் கட்டபொம்மனும் 1801இல் மருதிருவரும் தூக்கில் தொங்கியதற்கு வழி திறந்தது இக்கடன் ஏடு. அதே 1801ஆம் ஆண்டில் முகமது அலியின் வழிவந்தவன் ஆட்சியுரிமை முழுவதையும் கும்பினிக்கு எழுதிக் கொடுத்து உதவிப்பணம் வாங்கும் நிலைக்கு வந்தான்.

தோற்றவன் தலையை இழந்தான். வென்றவன் நாட்டை இழந்தான். பெரியவன் துணையோடு சிறியவன் பெறும் வெற்றி இவ்வளவே.

ஊருக்கு ஈடாய் ஊர்

பெருவல்லரசுக்குச் சிறு தேயத்தின் மண் எத்தகையது? செட்டுக் கடையின் சரக்குப் போன்றது. இங்குக் கொடுத்து அங்கு வாங்கலாம். 1746ஆம் ஆண்டில் பிரெஞ்சியர் சென்னையைப் பிடித்தனர். 1748ஆம் ஆண்டு ஐரோப்பாவில் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டபோது சென்னை ஆங்கிலேயர்க்குத் திரும்பிற்று. அதற்கு ஈடாகப் பிரெஞ்சியர் பெற்றது யாது? வட அமெரிக்காவில், பனி சூழ்ந்த கடற்கரையில் இருந்த இலூயிபூர் என்னும் கோட்டை. மயிலையிலும் திருவல்லிக்கேணியிலும் வாழ்ந்தவன் தன் ஊருக்கு அருகிலிருந்த நகருக்கு விலை எங்கோ ஒரு மீன்பிடித் தீவின் கோட்டை என்பதை அறிந்திருப்பானா?

அதே 1748இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டனர். முற்றுகை வெற்றி பெறவில்லை. ஆனால் முற்றுகை நடந்துகொண்டிருந்த அந்நாள்களில் நகரின் வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சியர் இடித்துத் தள்ளினர். வெளியே நின்ற பகைவன் இடித்ததன்று. உள்ளே இருந்த காவலன் இடித்தது. தூப்ளேயின் துபாசியாய் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை அக்கொடுமையைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஆளுநரின் அவையில் அவர்க்கிருந்த செல்வாக்கு அக்கோயிலின் ஒரு கல்லையும் காக்கப் பயன்படவில்லை. அயலான் அரண்மனையில் தமிழன் ஒருவன் பெறும் உயர்பதவி தமிழினத்தின் வலிமை ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இரு வேலிகளுக்கு நடுவே 1,400 பேர்

ஏழாண்டுப் போர் என வரலாற்றில் வழங்கும் பெரும்போர் 1756ஆம் ஆண்டில் மூண்டது. ஐரோப்பாவில் தொடங்கிய நெருப்பு சோழமண்டலக் கடற்கரையையும் பற்றிற்று. 1758இல் பிரெஞ்சுத் தலைவன் இலாலி கடலூர்ப் பக்கத்துச் செயிண்ட் தாவீது கோட்டையைப் பிடித்து இடித்தான். 1760இல் ஆங்கிலத் தலைவன் அயர்கூட் புதுவையை வளைத்தான். புதுவை நகரைச் சுற்றிக் கள்ளியும் முட்செடியும் பனையும் செறிந்த எல்லை வேலி ஒன்று இருந்தது. வில்லியனூர் அவ்வேலிக்கு வெளியே இருந்த ஊர். ஆகவே நகருக்கு முன் வில்லியனூர்க் கோட்டை வீழ்ந்தது. வேலி யாருக்காக வளர்க்கப்பட்டதோ அவர் உள்ளே இருந்தனர். நெல் விளைவித்துக் கொடுத்தவர் வெளியே இருந்தனர்.

வெளியே இருந்தவர் நிலை அது. உள்ளே இருந்த தமிழர் நிலை அதனினும் கொடிது. முற்றுகை நீண்டது, உணவு குறைந்தது. 1760 நவம்பர் 27ஆம் நாள் இலாலி ஒரு முடிவு செய்தான். வெள்ளையர் வீட்டுப் பணிக்கு வேண்டிய சிலரை நிறுத்திக்கொண்டு, எஞ்சிய உள்நாட்டு மக்களை நகரைவிட்டு வெளியேற்றினான். ஆணும் பெண்ணும் முதியோரும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 1,400 பேர் நகருக்கு வெளியே தள்ளப்பட்டனர். அவர்கள் உண்ணும் உணவு படைவீரனுக்கு மிஞ்சட்டும் என்பது உள்ளே இருந்தவன் கணக்கு. அவர்கள் உள்ளேயே இருந்தால் உணவு விரைவில் தீரும் என்பது வெளியே இருந்தவன் கணக்கு. ஆகலின் ஆங்கிலக் காவற்படை அவர்களை மேலே செல்லவிடாமல் திருப்பியது. திரும்பி வந்தவர்களுக்குக் கோட்டைக் கதவு திறக்கவில்லை.

கார்த்திகைத் திங்கள் அது. கடற்கரையில் மழையும் வாடையும் ஓயாத காலம். இரு படைகளுக்கும் நடுவே கிடந்த வெற்றுவெளியில் எட்டு நாள் அவர்கள் கிடந்தனர். புல்லின் வேரைப் பிடுங்கித் தின்று உயிர் காத்தனர். இறுதியில் அயர்கூட் வழிவிட்டான். இதனை எழுதிவைத்தவர் தமிழர் அல்லர். ஆங்கிலேயரின் போர்களைப் புகழ்ந்து நூல் செய்த இராபர்ட்டு ஓர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியரே. அந்த 1,400 பேரில் ஒருவர் பெயரும் அந்நூலில் இல்லை. இலாலிக்கும் அயர்கூட்டுக்கும் பிறந்த நாளும் இறந்த நாளும் வரலாற்றில் உண்டு. புல்வேர் தின்ற தாய்க்கும் குழந்தைக்கும் பெயரும் இல்லை.

1761 சனவரியில் புதுவை வீழ்ந்தது. வீழ்வதற்குச் சில நாள் முன் ஆனந்தரங்கப் பிள்ளையும் மறைந்தார். கடலூர்க் கோட்டையை இடித்ததற்குப் பழியாக ஆங்கிலேயர் புதுவை நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஒருவன் இடித்தது கடலூரில். மற்றவன் பழி தீர்த்தது புதுவையில். கடலூரும் தமிழன் ஊர். புதுவையும் தமிழன் ஊர். இலண்டனில் ஓர் ஓடு உடைந்ததா? பாரிசில் ஒரு சுவர் சரிந்ததா?

அன்று தொடங்கிப் புதுவைக் கோட்டையில் பறந்த கொடி எத்துணை முறை மாறிற்று என எண்ணிப் பார்க்கலாம். 1761இல் ஆங்கிலேயர், 1765இல் பிரெஞ்சியர், 1778இல் ஆங்கிலேயர், 1785இல் பிரெஞ்சியர், 1793இல் ஆங்கிலேயர், 1816இல் மீண்டும் பிரெஞ்சியர். ஐம்பத்தைந்து ஆண்டில் ஆறு மாற்றம். 1761இல் பிறந்த ஒரு குழந்தை தன் ஊரை விட்டு அசையாமலே, முதுமை எய்துமுன் ஆறு முறை ஆள்மாறிய ஆட்சியின்கீழ் வாழ்ந்திருக்கும்.

ஒரே நாள், இரண்டு கையொப்பம்

இவ்வரலாற்றில் தமிழினம் நெஞ்சில் பொறித்துக்கொள்ள வேண்டிய நாள் ஒன்று உண்டு. அது 1783 செப்டம்பர் 3. அந்நாளில் பிரான்சு நாட்டு வெர்சாய் நகரில் ஆங்கில மன்னனின் தூதரும் பிரெஞ்சு மன்னனின் தூதரும் உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டனர். அதன்படி புதுவை பிரெஞ்சியர்க்குத் திரும்பிற்று. அத்துடன், புதுவையைச் சூழ்ந்த சார்நிலமாக வில்லியனூர், பாகூர் ஆகிய இரண்டு பகுதிகளையும் பிரெஞ்சியர்க்குப் பெற்றுத்தருவதாக ஆங்கில மன்னன் உறுதி கூறினான். காரைக்காலுக்கு அடுத்த நான்கு மாகாணங்களையும் அவ்வாறே பெற்றுத்தருவதாக ஒப்பினான்.

பெற்றுத்தருவதாம்! யாரிடமிருந்து பெற்று? பெயரளவில் அந்நிலத்திற்கு உரியவன் என அவர்களே ஒப்புக்கொண்ட ஆர்க்காட்டு நவாபு அவ்வுடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. உழவனைக் கேட்கும் பேச்சே இல்லை. பாகூர் என்னும் பெயர் ஐரோப்பிய உடன்படிக்கை ஒன்றில் ஏறிற்று, பாகூரான் ஏறவில்லை. ஊர் ஒரு பொருளாக ஏறிற்று; ஓர் ஆளாக ஏறவில்லை.

அதே நாளில், பாரிசு நகரில், இன்னோர் உடன்படிக்கையும் கையொப்பமாயிற்று. அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்ற நாடுகளும் விடுதலை பெற்ற உடன்படிக்கை அது. அவர்களும் சிறியோரே. அவர்களும் ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சியர்க்கும் இடையே இருந்த பகையில் அகப்பட்டவர்களே. பிரெஞ்சுப் படையும் பணமும் இன்றி அவர்கள் வென்றிருக்க இயலாது. அவ்வாறாயின் வேறுபாடு எங்கே? அவர்களுக்குத் தங்களுடையது என ஒரு மாமன்றம் இருந்தது. தங்களுடையது என ஒரு படை இருந்தது. தங்கள் பெயரால் பேசப் பிராங்கிளின், ஆதம்சு, சே ஆகிய தூதர்கள் இருந்தனர். தங்களுக்குத் துணை நின்ற பிரான்சுக்கும் சொல்லாமலே அவர்கள் 1782ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலேயரோடு முன்னுடன்பாடு செய்துகொண்டனர். துணையைப் பயன்படுத்தினர், துணைக்குத் தங்களை எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த உடன்படிக்கையிலும் கேட்கப்படாதோர் இருந்தனர் என்பதை மறைத்தல் கூடாது. அம்மண்ணின் தொல்குடிகள் பலர் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டவர்கள். அவர்களின் நிலங்களை ஆங்கில மன்னன் அவர்களைக் கேளாமலே அமெரிக்கர்க்குக் கொடுத்தான். அவர்கள் பெயரும் அதில் இல்லை. மேசையில் இருக்கை இல்லாதவன் மேசைமேல் பரிமாறப்படும் உணவாகிறான். பாகூர் உழவனும் அத்தொல்குடியும் ஒரே நாளில் ஒரே வகையாகப் பரிமாறப்பட்டவர்கள்.

உழவனுக்கு மட்டுமன்று, படை வலிமை மிக்க அரசனுக்கும் அதே பாடம் அக்காலத்தில் கிடைத்தது. பிரெஞ்சியரின் நண்பர்களாய் ஆங்கிலேயரை எதிர்த்தவர்கள் மைசூரின் ஐதர் அலியும் அவன் மகன் திப்புவும். 1783இல் கடலூரில் பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தபோது, ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்டுவிட்டது என்னும் செய்தி வந்தது. வந்ததும் பிரெஞ்சியர் வாளை உறையிலிட்டனர். திப்புவின் போர் முடியவில்லை. நண்பனின் போர் முடிந்துவிட்டது. அவன் தனித்து நின்று, 1784இல் மங்களூரில் ஆங்கிலேயரோடு தானே உடன்படிக்கை செய்துகொண்டான். பெரியவன் தன் போர் முடியும் வரைதான் நண்பன். சிறியவன் போர் முடியும் வரை அல்லன்.

நிழல் கிடைத்ததே என்பார்க்கு

இரு வல்லரசுகள் இருந்தமையால் தமிழர்க்கு நன்மையும் விளையவில்லையா என வினவுவோர் உளர். ஆங்கிலேயன் வேட்டையாடிய விடுதலை வீரர்க்குப் புதுவை நிழல் தந்ததே, பாரதி 1908 முதல் பத்தாண்டு அங்கிருந்துதானே எழுதினார், வ.வே.சு. ஐயரும் அரவிந்தரும் அங்குத்தானே தங்கினர் என்பர். உண்மையே, மறுத்தற்கில்லை. பாறை இடுக்கிலும் செடி முளைக்கும்.

ஆனால் அந்நிழலின் எல்லை எது? 1918 நவம்பரில் பாரதி புதுவையை விட்டுத் தெற்கே வந்து ஆங்கில எல்லைக்குள் கால் வைத்ததும் கடலூர்ப் பக்கத்தில் சிறைப்பட்டார். தமிழ்ப் பாவலன் ஒருவன் தமிழ் மண்ணிலிருந்து தமிழ் மண்ணுக்கு நடந்தான், அதுவே குற்றமாயிற்று. 1783இல் மன்னர்கள் இழுத்த கோடு 1918இல் அவன் காலை இடறிற்று. நிழல் என்பது மரத்துக்குரியவன் கொடுக்கும் வரை நிழல். உரிமை என்பது ஒருவனும் கொடுக்க வேண்டாதது. ஒருவனும் எடுக்கவும் இயலாதது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணும் இனம் நிழலிலேயே உறங்கிவிடும்.

போர் ஓய்ந்த பின்னும் பேரம் ஓயவில்லை. 1815இல் இலண்டனில் இரு அரசுகளும் உப்பு பற்றி ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஆங்கிலக் கும்பினியின் உப்புத் தனியுரிமைக்கு இடர் நேராதபடி பிரெஞ்சியர் தம் உப்பை விட்டுக்கொடுப்பது. அதற்கு ஆண்டுதோறும் நான்கு இலட்சம் சிக்கா உரூபா பெறுவது. சில ஆண்டுகளில் பிரெஞ்சு எல்லைக்குள் உப்பு விளைவித்தலே நிறுத்தப்பட்டது. கடல் தமிழனுடையது, வெயில் தமிழனுடையது, பாத்தி கட்டிய கை தமிழனுடையது, பணம் இரு அரசுகளுக்கு நடுவே கைமாறிற்று. பின்னாளில் அதே மண்ணின் இளைஞர்கள் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனக் காடுகள் வரை சென்றனர். சொல்தா என்னும் பெயரும் ஓய்வூதியமும் அவர்கள் வீட்டுக்கு வந்தன. தம் விடுதலைக்குப் போராடிய இன்னொரு சிறு தேயத்தை அடக்கும் படையில் தமிழன் நின்றான் என்னும் வடுவும் உடன் வந்தது.

திருகோணமலை மீண்டும் வருகிறது

இது 18ஆம் நூற்றாண்டுக் கதை. இன்று அதனால் என்ன என்பார்க்கு ஈழம் விடை கூறும். பாகூரைக் கைமாற்றிய அதே போரில், 1782ஆம் ஆண்டில், திருகோணமலைத் துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தனர். அதே ஆண்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சியர் பிடித்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது முதல், ஈழத்தமிழ் நிலம் போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூவர் கை மாறிற்று. 1948இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது அது கொழும்பின் கைக்குச் சென்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் அந்நிலத்தின் மக்கள் கேட்கப்படவில்லை.

1985இல் பூட்டான் நாட்டுத் திம்புவில் பேச்சு நடந்தபோது, தமிழர் தரப்பினர் தாமே மேசையில் அமர்ந்து, தனித் தேசிய இனம், தாயகம், தன்னாட்சி உரிமை, குடியுரிமை என்னும் கோட்பாடுகளை முன்வைத்தனர். இரண்டே ஆண்டில் நிலை மாறிற்று. 1987 சூலை 29ஆம் நாள் கொழும்பில் இராசீவ் காந்தியும் செயவர்த்தனேவும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். தமிழர் பெயரால் நிகழ்ந்த அவ்வுடன்படிக்கையில் தமிழர் கையொப்பம் இல்லை. அதனோடு இணைந்த மடல்களில் இருந்தவை எவை? திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்கு மாறாகப் பிற நாட்டுப் படைகளுக்குக் கொடாமை. அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளை இருநாடும் கூடி நடத்துதல். அயல்நாட்டு வானொலி நிலையங்களை ஆராய்தல். அந்நாளில் வல்லரசுகளிடையே நிலவிய பனிப்போரின் கணக்குகள் அவை. தமிழன் குருதி சிந்தியதால் பேச்சு வந்தது. பேச்சில் தீர்ந்தது பிறர் கவலை.

அவ்வுடன்படிக்கையில் தமிழ் நிலத்து மக்களைக் கேட்பதாகக் கூறிய இடம் ஒன்றே ஒன்று. வடக்கும் கிழக்கும் இணைந்திருப்பது பற்றிக் கிழக்கு மாகாண மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவது என்பதே அது. அவ்வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவ்விணைப்பையே செல்லாது என்றது. 2009ஆம் ஆண்டு மே திங்களில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, கடைசித் துண்டு நிலத்தில் அடைபட்டுக் கிடந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை உலகம் அறியும். நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என ஐ.நா. பொதுச்செயலரின் வல்லுநர் குழு 2011இல் கூறிற்று. புதுவைக் கோட்டைக்கு வெளியே புல்வேர் தின்ற 1,400 பேரை அறிந்தவர்க்கு முள்ளிவாய்க்கால் புதிய சொல் அன்று.

2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனத்திற்குச் சென்றது. இந்துமாக்கடலில் பெரிய கப்பல்கள் மீண்டும் ஒன்றையொன்று உற்று நோக்குகின்றன. ஒருவன் வந்து தமிழனின் காதில், உன் பகைவன் என் பகைவன் என்பான். மற்றவனும் வந்து அதையே சொல்வான். சந்தா சாகிபின் காதிலும் முகமது அலியின் காதிலும் சொல்லப்பட்ட சொல் அதுவே.

கீழூரில் கேட்கப்பட்ட வினா

அவ்வாறாயின் சிறு தேயம் எவரோடும் சேரலாகாதா? அங்ஙனம் கூறுவது அறியாமை. நட்பையும் பகையையும் ஆராய்ந்து கொள்வதற்கென்றே தனித்தனி அதிகாரங்கள் வகுத்தவர் திருவள்ளுவர். துணை கொள்க, ஆனால் கொள்ளுமுன் மூன்றைக் கேட்க வேண்டும். துணைவன் போர் முடிந்த மறுநாள் தன் காலில் நிற்க வலிமை உண்டா? துணைக்குக் கொடுக்கும் விலை தன் மண்ணா, தன் மக்களா? உடன்படிக்கை எழுதும் நாளில் தனக்கென ஒரு நாற்காலியும் ஓர் எழுதுகோலும் இருக்குமா? மூன்றுக்கும் இல்லை என்பது விடையானால், வெற்றி எவர் பக்கம் சேர்ந்தாலும் தோல்வி சிறியவனுடையதே.

இவ்வரலாறு இருளோடு முடியவில்லை. வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் கீழூர். 1954 அக்டோபர் 18ஆம் நாள், புதுவை, காரைக்கால் மக்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட சார்பாளர்கள் 178 பேர் அவ்வூரில் கூடினர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நீங்கி இந்தியாவோடு சேர்வதா என்னும் வினா அவர்கள் முன் வைக்கப்பட்டது. ஆம் என்றோர் 170 பேர். இல்லை என்றோர் 8 பேர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகத்து 16இல் சட்டப்படியும் நிறைவேறிற்று.

அவ்வாக்கெடுப்பில் குறை காணலாம். கேட்கப்பட்டோர் 178 பேர்; ஏர் பிடித்தவன் தானே சென்று வாக்களிக்கவில்லை. வினாவும் ஒன்றுதான், இரு அரசுகளுக்கு அப்பால் மூன்றாவது வழி எதுவும் அதில் இல்லை. விடை கூறியபின் வந்த ஆட்சியும் முழுமையான ஆட்சியன்று. புதுவை இன்றும் ஒன்றியப் பகுதியே; தில்லி அனுப்பும் துணைநிலை ஆளுநரைக் கடந்து அதன் சட்டமன்றத்தால் செய்யக்கூடியது சிறிதே. மாநிலத் தகுதி வேண்டி அச்சட்டமன்றம் பன்முறை தீர்மானம் இயற்றியும் அது கிட்டவில்லை. இத்துணைக் குறையிருந்தும், சந்தா சாகிபின் கொடைக்குப் பின் இருநூறு ஆண்டில் அம்மண்ணின் முன் ஒரு வினாவாவது வைக்கப்பட்ட நாள் அதுவே. வெர்சாயில் பெயரளவில் ஏறிய ஊர்கள் கீழூரில் வாய்திறந்து விடை கூறின. அவ்வேறுபாடு சிறிதன்று.

கேட்கப்படாத இனம் அடிமை இனம். அதன் தலைமேல் பறக்கும் கொடி எந்நிறத்ததாயினும் சரி. கேட்கப்படும் இனமே விடுதலை இனம். பிறர் கேட்பார் எனக் காத்திருந்து எவ்வினமும் கேட்கப்பட்டதில்லை. கேளாமல் முடியாது என்னும் நிலையைத் தன் ஒற்றுமையாலும் தன் அமைப்பாலும் ஆக்கிக்கொண்ட இனமே கேட்கப்பட்டது. கட்சியாய், சாதியாய், அவரவர் ஊராய்ப் பிரிந்து நிற்கும் வரை தமிழினத்தின் பெயர் உடன்படிக்கைகளில் ஊர்ப்பெயராக மட்டுமே ஏறும். ஓரினமாய் ஒன்றி நிற்கும் நாளில் கையொப்பமாக ஏறும்.

பாகூர் வயலில் அந்தக் கோடு இன்னும் கிடக்கிறது. அதைக் கடக்கும் ஒவ்வொரு தமிழனும், இது தன்னைக் கேளாமல் இழுக்கப்பட்டது என்பதை நினைந்து கடப்பானாக. இனி ஒரு கோடு தன்னைக் கேளாமல் இழுக்கப்படலாகாது என்று உறுதி கொள்வானாக!